மூச்சுத் திணறலும் மொழித் திணறலும்

எமது மொழியில் மூச்சைத் தொட்டு எழுந்த வழக்குகள் பல உள. இடைவிடாது செய்து முடித்த வேலையை ஒரே மூச்சில் முடித்ததாகச் சொல்கிறோம். ஒருவரைப் பற்றி ஓயாது பேசுபவருக்கு மூச்சுக்கு மூச்சு அவர் பெயர்தான் என்கிறோம். உணர்விழந்து கிடப்பவரைப் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார் என்கிறோம். பேச்சையும் மூச்சையும் ஒரே சொல்லாக்கிய எமது முன்னோர், உடலியல் உண்மையொன்றை அறிந்தே அவ்வாறு செய்தனர் போலும். வெளியேறும் மூச்சுத்தான் பேச்சாகிறது. மூச்சுக் குறையும்போது முதலில் குறைவது பேச்சே.

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவரான முதியோர் மூச்சுக்குத் திணறி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும்போது, இவ்விரண்டும் ஒருங்கே நெருக்கடிக்குள்ளாகின்றன. கட்டிலில் இருக்கும் முதியவர் ஒற்றைச் சொல்லில் விடை சொல்கிறார். மூச்சுப் போதாமையால் அவர் அவ்வாறு பேசுகிறாரா, அந்நாட்டு மொழி தெரியாமையால் பேசுகிறாரா? இவ்வேறுபாட்டைக் கண்டறிவது உயிரோடு தொடர்புடைய காரியம் என்பதை, இங்கிலாந்தில் மேம்பட்ட தாதியர் கல்வி பயிலும் ஒருவர் எழுதிய நோயாளர் ஆய்வொன்றின் வாயிலாக நாம் கற்றுக்கொண்டோம். அந்த ஆய்வில் நாமும் ஒரு பாத்திரமாக இடம்பெறுகின்றோம். அது பெருமைக்குரிய பாத்திரம் அன்று.

அந்த இரவு

கடந்த குளிர்காலத்தில் ஓரிரவு, எமக்கு நன்கு அறிமுகமான குடும்பமொன்றின் தாயார் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டார். அவருக்கு 71 வயது. மகள் இரவுவேலையில் இருந்தமையால் பதின்மூன்று வயதுப் பேரனே அம்புலன்ஸ் வண்டியில் கூடச் சென்றிருந்தான். மொழிபெயர்க்க வருமாறு எம்மை அழைத்தார்கள். நாம் சென்றபோது, பாட்டியின் நோயை விளக்கும் பொறுப்பைத் தோளில் சுமந்தபடி அப்பிள்ளை வெளிறிப்போய் நின்றான். அவனை நாற்காலியில் இருத்திவிட்டு அப்பணியை நாம் ஏற்றோம். குடும்பத்தினரின் இசைவுடனேயே, பெயரும் ஊரும் தவிர்த்து, இதனை இங்கு எழுதுகின்றோம்.

அம்மாவின் சுவாச வீதம் நிமிடத்துக்கு 28. விரல் நுனியில் மாட்டிய ஒட்சிசன் மானி 86 வீதம் காட்டியது. நாடித்துடிப்பு 112. இரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் கவலைக்குரியனவாக இல்லை. கடமையிலிருந்த தாதி வினாக்களைத் தொடுத்தார். புகைபிடிப்பவரா? இல்லை. ஆஸ்த்துமா உண்டா? இல்லை. இருதய நோய் உண்டா? இல்லை. இப்போது என்ன செய்கிறது?

கடைசி வினாவை நாம் தமிழில் கேட்டபோது அம்மா இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று நின்று பேசினார். "தம்பி... புகை போக... வழியில்லாத... அடுப்படிக்குள்ளை... இருக்கிற மாதிரிக்... கிடக்கு. இழுத்தது... திரும்ப... வெளியிலை... போகுதில்லை."

நாம் ஆங்கிலத்தில் சொன்னது ஒரேயொரு வசனம்: மூச்செடுக்கக் கஷ்டமாக இருக்கிறதாம்.

பொய் சொல்லவில்லை. சுருக்கினோம். அடுப்படியும் புகையும் ஒரு முதியவரின் உவமை, அவசர வேளையில் அதற்கு இடமில்லை என்று எண்ணினோம். பத்திரிகைத் தொழிலில் நீண்ட பேச்சைச் சாரமாக்கிப் பழகிய கை அது. தாதி தமது பதிவேட்டில், ஆங்கிலம் குறைவு, ஒற்றைச் சொல்லில் விடையளிக்கிறார் என்று எழுதினார்.

முகமூடி வழியாக ஒட்சிசன் மிகுதியாகக் கொடுக்கப்பட்டது. அரைமணி நேரத்துக்குள் மானி 98 வீதத்தைக் காட்டியது. சுவாச வீதம் படிப்படியாக இறங்கிற்று. மூன்று இரவுகளாகக் கண்மூடாதிருந்த அம்மா உறங்கத் தொடங்கினார். பேரன் முகத்தில் சிரிப்பு வந்தது. வேலை முடிந்து ஓடிவந்த மகள், "கடவுளே, இப்பதான் நித்திரை கொள்ளுறா" என்று கண்களைத் துடைத்துக்கொண்டார். எமக்கும் மனம் ஆறிற்று. அனைவரும் மகிழ்ந்திருந்த அந்த நேரத்திலேயே அம்மா எம்மைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

அன்றைய தாதியைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. முன்னோய் எதுவும் அறியப்படாத ஒருவருக்கு ஒட்சிசன் 86 வீதமாக இருக்கும்போது அதனை உடனே கொடுப்பதே முறை. ஒட்சிசன் பற்றாக்குறை விரைந்து கொல்லும். அவருக்கு இல்லாதிருந்தது திறமையன்று, ஒரு தகவல். அது எம்மிடம் இருந்தது.

கட்டிலருகே நின்ற ஒரு நிமிடம்

அதிகாலை மூன்று மணியளவில் வேறொரு தாதி கட்டிலருகே வந்தார். பிலிப்பைன்ஸ் நாட்டவர். பல்லாண்டு அனுபவமுள்ளவர். இப்போது பகுதிநேரமாக முதுமாணிப் பட்டத்துக்குப் பயில்பவர். வந்தவர் இயந்திரத் திரையைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அம்மாவின் மார்பையும் வயிற்றையும் ஒரு முழு நிமிடம் கவனித்தார். சுவாச வீதம் 14. பின்னர் எம்மிடம், உங்கள் மொழியில் தாயை எவ்வாறு அழைப்பீர்கள் என்று கேட்டார். கேட்டறிந்து "அம்மா, அம்மா" என்று உரக்கக் கூப்பிட்டார். கண்கள் மெல்லத் திறந்து மீண்டும் மூடிக்கொண்டன. கையைத் தொட்டார். குளிர்காலத்து நள்ளிரவில் அக்கை வழமைக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்தது. நாடி துள்ளி அடித்தது. எம்மைக் கொண்டு எழுப்பி, கைகளை முன்னே நீட்டி மணிக்கட்டுகளை மேல்நோக்கி மடித்து வைத்திருக்கச் சொன்னார். சிறகடிப்பதுபோல் கைகள் தளர்ந்து தளர்ந்து விழுந்தன.

அதன்பின் அவர் எம்மிடம் கேட்ட வினாவை நாம் மறக்க மாட்டோம். "பதிவேட்டில் ஒற்றைச் சொல் விடைகள் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்திலா, தமிழிலுமா? தமிழில் இவரால் ஒரு முழு வசனம் பேச முடிந்ததா?"

முடியவில்லை என்றோம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்றார் என்றோம். "அப்படியானால் என்ன சொன்னார்? அவர் சொன்னபடியே சொல்லுங்கள்" என்றார். அடுப்படியைச் சொன்னோம். இழுத்த மூச்சு வெளியே போகவில்லை என்று அவர் சொன்னதையும் சொன்னோம். அத்தாதி ஒரு கணம் எம்மைப் பார்த்தார். கடிந்து எதுவும் சொல்லவில்லை. "எத்தனை ஆண்டு விறகடுப்பில் சமைத்தார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மருத்துவரை அழைக்க விரைந்தார்.

மேம்பட்ட தாதியர் கல்வி கற்பிப்பது யாது?

சில வாரங்களின் பின் அத்தாதி எம்மைத் தேடி வந்தார். அந்த இரவைத் தமது பாடநெறிக்கான நோயாளர் ஆய்வாக எழுத விரும்புவதாகவும், அதில் மொழிபெயர்ப்பாளரைப் பற்றியும் எழுத வேண்டியிருப்பதாகவும் சொன்னார். ஒப்புக்கொண்டோம். அக்கல்வியைப் பற்றி நாம் அறிந்துகொண்டது அவ்வுரையாடல்களிலிருந்தே.

எமது ஊரில் தாதி என்றால் வைத்தியர் சொன்னதைச் செய்பவர் என்ற எண்ணம் பலரிடம் இன்னும் உண்டு. இங்கிலாந்தில் மேம்பட்ட சுகாதாரப் பணிக்கென 2017 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட தேசியச் சட்டகம், நோயாளர் சிகிச்சை, தலைமைத்துவமும் நிர்வாகமும், கற்பித்தல், ஆராய்ச்சி ஆகிய நான்கு தூண்களின்மேல் முதுமாணித் தரத்தில் அமைந்தது. அத்தகைய பயிற்சி பெற்ற தாதி நோயாளரைத் தாமே பரிசோதித்து, நோய்க்காரணத்தை ஆராய்ந்து, தீர்மானமும் எடுப்பவர்.

இக்கல்வியின் உயிர்நாடி சிந்திக்கும் முறையைக் கற்பிப்பதாகும். அவுஸ்திரேலியப் பேராசிரியர் திரேசி லெவெற்-ஜோன்சும் அவரது குழுவினரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வின் வழியாகப் பரவிய முறை எட்டுப் படிகளைக் கொண்டது. நோயாளரின் நிலையை நோக்குதல், குறிப்புகளைத் திரட்டுதல், அவற்றை ஆராய்ந்து இணைத்தல், பிரச்சினை இன்னதெனத் தெளிதல், இலக்கு வகுத்தல், செயற்படுதல், விளைவை அளவிடுதல், நடந்ததை மீளச் சிந்தித்தல் என்பனவே அவை. மீளச் சிந்திக்கும் எட்டாவது படியில் மாணவர் தமது பிழையையும் தமது முற்கற்பிதங்களையும் தாமே எழுத வேண்டும். நாமும் ஒருகாலத்தில் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தியவர்கள்தாம். எமது பரீட்சைத்தாள்களில் சரியான விடைக்குப் புள்ளி இருந்தது. விடை எவ்வாறு பிழைத்தது என்று எழுதுவதற்குப் புள்ளி இருந்ததில்லை.

மூச்சுத் திணறும் நோயாளரை ஆராயும்போது, கருவிக்கு முன் கண்ணையும் காதையும் பயன்படுத்துமாறு மாணவருக்குக் கற்பிக்கப்படுகிறது. சாய்ந்து படுக்க முடிகிறதா, முன்குனிந்து முழங்காலில் கையூன்றி இருக்கிறாரா? கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா? மூச்சை வெளிவிட நெடுநேரம் எடுக்கிறதா? உதட்டைக் குவித்து ஊதுகிறாரா? ஒரு மூச்சில் எத்தனை சொற்கள் பேசுகிறார்? இக்கடைசி வினா எளியதாயினும் பயன் பெரிது. முழு வசனம் பேசுபவருக்கு ஆபத்து குறைவு. சொற்றொடராகப் பேசுபவரைக் கவனிக்க வேண்டும். ஒற்றைச் சொல்லாகப் பேசுபவருக்கு உடனே உதவி வேண்டும்.

ஆனால் இந்தச் சோதனை நோயாளருக்கும் தாதிக்கும் பொதுமொழி உண்டு என்ற எண்ணத்தின்மேல் நிற்கிறது. ஆங்கிலமோ பிரெஞ்சோ ஜேர்மனோ அறியாத எமது தாய்தந்தையர் சுகமாக இருக்கும் நாளிலும் அம்மொழிகளில் ஒற்றைச் சொல்லில்தான் பேசுவர். ஆகவே அவர்களுடைய மூச்சுத் திணறல் மொழித் திணறலின் பின்னால் மறைந்துவிடுகிறது. அத்தாதி தமது ஆய்வில் முதற்பாடமாகக் குறித்தது இதனையே: நோயாளரை அவரது தாய்மொழியில் பேசவைத்து, பொருள் விளங்காவிடினும் எந்த இடத்தில் மூச்சுக்காக நிற்கிறார் என்று கேட்க வேண்டும்.

மூன்றும் ஒன்பதும்

இங்கிலாந்து வைத்தியசாலைகளில் தேசிய முன்னெச்சரிக்கைப் புள்ளிமுறை வழக்கிலுள்ளது. இலண்டனிலுள்ள ரோயல் மருத்துவர் கல்லூரி 2012 இல் அறிமுகஞ்செய்து 2017 இல் திருத்திய முறை இது. சுவாச வீதம், ஒட்சிசன் அளவு, செயற்கையாக ஒட்சிசன் கொடுக்கப்படுகிறதா என்பது, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உணர்வுநிலை, உடல் வெப்பம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே புள்ளியிட்டுக் கூட்டுவர். கூட்டுத்தொகை 5 ஆனால் விரைந்த கவனிப்பு வேண்டும். 7 அல்லது அதற்கு மேற்பட்டால் அவசரநிலை.

அம்மா வந்தபோது சுவாச வீதம் 28 க்கு 3, ஒட்சிசன் 86 க்கு 3, நாடித்துடிப்பு 112 க்கு 2 என மொத்தம் 8 புள்ளிகள். ஒட்சிசன் கொடுத்தபின் சுவாச வீதம் 14 ஆனதால் சுழியம். ஒட்சிசன் 98 ஆனதால் சுழியம். நாடித்துடிப்பு 96 க்கு 1. செயற்கை ஒட்சிசனுக்கு 2. உறங்குகிறார் என்று கொண்டதால் உணர்வுநிலைக்குச் சுழியம். மொத்தம் 3. எட்டு மூன்றாயிற்று, நோயாளர் தேறுகிறார் என்று தாள் சொல்லிற்று.

மணிக்கட்டின் நாடியிலிருந்து எடுத்த இரத்தம் வேறுகதை சொன்னது. காபனீரொட்சைட்டின் அமுக்கம் 6 கிலோபஸ்காலுக்கு மேற்படலாகாது. அம்மாவுக்கு 9.4 இருந்தது. இரத்தத்தின் பீ.எச். பெறுமானம் 7.35 க்கும் 7.45 க்கும் இடையில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு 7.26. இரத்தம் அமிலமாகிக்கொண்டிருந்தது. நாம் நித்திரை என்று மகிழ்ந்தது உள்ளே தேங்கிய காபனீரொட்சைட்டின் மயக்கமே.

காபனீரொட்சைட்டுத் தேங்குவது இரத்தப் பரிசோதனையால் உறுதியான நோயாளருக்கு அப்புள்ளிமுறையில் ஒட்சிசனுக்கெனத் தனி அளவுகோல் உண்டு. அவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 வீதம் வரை. செயற்கை ஒட்சிசனுடன் 97 வீதத்தை எட்டினாலோ தாண்டினாலோ அதுவே 3 புள்ளி. அந்த அளவுகோலில் மீளக் கணித்தபோது ஒட்சிசனுக்கு 3, உணர்வு மங்கியமைக்கு 3, செயற்கை ஒட்சிசனுக்கு 2, நாடித்துடிப்புக்கு 1 என மொத்தம் 9 வந்தது. அதே பெண்மணி, அதே கட்டில், அதே நிமிடம். ஒரு வாசிப்பில் 3, மறு வாசிப்பில் 9. எண் பொய் சொல்லவில்லை. எண்ணை எதனோடு சேர்த்து வாசிப்பது என்பதில்தான் பகுத்தாய்வு இருக்கிறது.

ஒட்சிசனே கெடுதல் செய்யுமா என்று வாசகர்கள் கேட்கலாம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் ஒடுங்கி, இழுத்த காற்று முழுமையாக வெளியேறாது தங்கிவிடுகிறது. நுரையீரலின் கெட்டுப்போன பகுதிகளுக்கு இரத்தம் செல்வதை உடல் தானாகவே குறைத்து, நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிட்டிருக்கும். ஒட்சிசனை அளவின்றிக் கொடுக்கும்போது அந்த ஒழுங்கு குலைந்து, காற்றோட்டமற்ற பகுதிகளுக்கு இரத்தம் மீண்டும் பாய்கிறது. அங்கே காபனீரொட்சைட்டை இறக்கிவைக்க வழியில்லை. ஒட்சிசன் நிறைந்த குருதிச்சிவப்பணு காபனீரொட்சைட்டைச் சுமக்கும் ஆற்றலையும் ஓரளவு இழக்கிறது. மூச்சுக்கான உந்துதல் குறைவதே காரணம் என்று பழைய பாடநூல்கள் கூறின. அது காரணங்களுள் ஒன்று மாத்திரமே என்று இன்று கற்பிக்கின்றனர்.

அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் அம்புலன்ஸ் ஊழியரைக் கொண்டு செய்யப்பட்டு 2010 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான பரிசோதனை இதனை ஐயமின்றிக் காட்டியது. இந்நோய் இருப்பதாகக் கருதப்பட்ட 405 பேரில், தாராளமாக ஒட்சிசன் பெற்றோருள் 9 வீதத்தினர் இறந்தனர். 88 முதல் 92 வீதம் வரை அளந்து கொடுக்கப்பட்டோருள் இறந்தவர் 4 வீதத்தினர்.

அம்மாவுக்கு ஒட்சிசனை முற்றாக நிறுத்தவில்லை. அவ்வாறு நிறுத்துவதும் ஆபத்து. 28 வீத ஒட்சிசனை மட்டும் விடும் முகமூடிக்கு மாற்றினர். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் ஸ்டீரொயிட்டும் கொடுத்தனர். ஒரு மணி நேரத்தின் பின்னரும் இரத்தம் போதியளவு சீராகாமையால், இறுக்கமான முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுக்குத் துணைசெய்யும் இயந்திரத்தைப் பொருத்தினர். விடியும்வேளையில் அம்மா கண்விழித்து, முகமூடியைக் காட்டி, இதைக் கழற்றச் சொல்லு என்று மகளுக்குச் சைகை செய்தார்.

அடுப்படியின் வரலாறு

அன்றைய இரத்தப் பரிசோதனையில் இன்னோர் எண்ணும் இருந்தது. இரத்தத்தின் அமிலத்தைச் சமன்செய்யும் இருகாபனேற்று 22 முதல் 26 வரை இருக்க வேண்டியது, அம்மாவுக்கு 31 ஆக இருந்தது. காபனீரொட்சைட்டு நெடுங்காலமாகத் தேங்கினால், சிறுநீரகங்கள் நாட்கணக்கில் உழைத்து இப்பொருளைச் சேமித்து ஈடுசெய்யும். ஒரே இரவில் இவ்வளவு உயராது. அதாவது இந்நோய் அன்று வந்ததன்று. நாம் சொல்லாது விட்ட வரலாற்றை இரத்தம் எழுதிவைத்திருந்தது.

அவ்வரலாறு யாது? வலிகாமத்தில் பிறந்த அம்மா ஒன்பது வயதில் அடுப்படிக்குள் புகுந்தவர். பனைமட்டையும் தென்னம்பாளையும் ஊமலும் எரித்து, ஊதுகுழலால் ஊதி ஊதிச் சமைத்தவர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஊரைவிட்டு வெளியேறிய பின், மழையில் நனைந்த விறகைத் தரப்பாளின் கீழ் எரித்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சியவர். வாழ்நாளில் ஒரு சிகரெட்டையேனும் தொட்டறியாதவர். புகைபிடிப்பவரா என்ற வினாவுக்கு இல்லை என்று நாம் சொன்ன விடை உண்மையே. ஆயினும் அரை நூற்றாண்டு புகையைச் சுவாசித்த ஒருவரைப் பற்றிய விடையாக அது பொய்த்தது.

விறகுப்புகை இந்நோய்க்குக் காரணமாவது மருத்துவ உலகு நன்கறிந்த உண்மை. வீட்டினுள் எழும் சமையற்புகையாலும் அதையொத்த மாசினாலும் 2020 இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவ்வாறிருந்தும் மேலைநாட்டு வைத்தியசாலைப் படிவங்களில் புகை என்றால் சிகரெட்டு என்றே பொருள். நோயாளர் புகைபிடித்தாரா என்று கேட்பதோடு நில்லாமல், எந்தப் புகைக்குள் வாழ்ந்தார் என்றும் கேட்க வேண்டும் என அத்தாதி தமது ஆய்வில் எழுதியுள்ளார். அம்மா அவ்வினாவுக்கான விடையைக் கேட்கப்படுமுன்னரே தந்திருந்தார். புகை போக வழியில்லாத அடுப்படி என்றது அவரது வாழ்க்கை வரலாறு. இழுத்தது வெளியே போகுதில்லை என்றது நோயின் இலக்கணம். நாம் உவமையென்று ஒதுக்கியது நோயறிகுறியாக இருந்தது.

தேறியதுபோல் தோன்றும் வேறு வேளைகள்

நல்லதுபோல் தோன்றும் எண்ணைக் கண்டு ஏமாறலாகாது என்பதற்கு இக்கல்வியில் வேறு சான்றுகளும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் எம்மவர் அறியவேண்டிய இரண்டை மாத்திரம் குறிப்பிடுகின்றோம்.

ஒன்று ஆஸ்த்துமா. எமது பேச்சில் தொய்வு என்றும் முட்டு என்றும் சொல்வது இதனையே. கடும் தாக்குதலின்போது நோயாளர் வேகமாக மூச்செறிவதால் காபனீரொட்சைட்டு வழமையிலும் குறைந்திருக்க வேண்டும். அந்நிலையில் அது வழமையான அளவுக்குத் திரும்பியிருந்தால், நோய் தணிந்தது என்று பொருளன்று. நோயாளர் களைத்துவிட்டார் என்று பொருள். அதனை உயிராபத்தின் அடையாளமாகவே பிரித்தானிய மருத்துவ வழிகாட்டிகள் வகுத்துள்ளன. அவ்வாறே, விசில்போல் ஒலித்த நெஞ்சு திடீரென அமைதியானால், காற்று உட்செல்வதே அரிதாகிவிட்டது என அஞ்ச வேண்டும்.

மற்றொன்று ஒட்சிசன் மானி. யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி 1970களில் கண்ட தத்துவத்தில் இயங்கும் இக்கருவி, விரலினூடே ஒளியைச் செலுத்தி இரத்தத்தின் நிறத்தை அளக்கிறது. கருமையான தோலில் இது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், மானி 92 முதல் 96 வீதம் வரை காட்டியபோதும் உண்மையில் ஒட்சிசன் தாழ்ந்திருந்தமை, வெள்ளையரிடம் 3.6 வீதமான அளவீடுகளிலும் கறுப்பினத்தவரிடம் 11.7 வீதமான அளவீடுகளிலும் காணப்பட்டது. பிரித்தானிய அரசு அமைத்த சுயாதீன மீளாய்வும் 2024 மார்ச்சில் இக்குறைபாட்டை ஏற்றுக்கொண்டது. எமது தோல்நிறத்தில் உதடு நீலம் பாய்வதும் எளிதில் தெரியாது. நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். மானியை எறிந்துவிட வேண்டியதில்லை. மானி நன்றாக இருக்கிறது என்றும் மனிதர் நன்றாக இல்லை என்றும் தோன்றுமிடத்து, மனிதரையே நம்ப வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

தாதியருக்கான இப்பாடங்களில் எமக்கும் பங்குண்டு. அகதி விண்ணப்ப நேர்காணலில் ஒரு சொல் தவறினால் ஒரு வாழ்வே தவறிப்போகும் என்பதை அனுபவத்தால் அறிந்த சமூகம் எமது சமூகம். அங்கே மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைச் சுருக்கினால் கொதித்தெழும் நாம், வைத்தியசாலைக் கட்டிலருகே பெற்றோரின் சொற்களைத் தயங்காது சுருக்குகின்றோம். நீட்டிப் பேசுவது தாதியருக்குத் தொல்லை என்று நாணுகின்றோம்.

அந்நாணத்தை விட்டொழிக்க வேண்டும். முதியவர் சொன்னதை அவர் சொன்ன ஒழுங்கிலேயே, உவமையோடும் சொல்லுங்கள். நெஞ்சு பாரம், முட்டு, இளைப்பு, தொய்வு என்பன ஒன்றல்ல. எதைச் சொன்னாரோ அதைச் சொல்லுங்கள். வீட்டில் முழு வசனம் பேசுபவர், இப்போது தமிழிலும் நின்று நின்று பேசுகிறார் என்பதைக் கேட்காமலே அறிவியுங்கள். வழமையில் எவ்வளவு தூரம் நடப்பார், எத்தனை தலையணை வைத்துப் படுப்பார், விறகடுப்பில் எத்தனை ஆண்டு சமைத்தார், முன்னர் காசநோய் வந்ததா என்பனவற்றையும் சொல்லுங்கள். மூச்சுத் திணறியவர் திடீரென உறங்கினால் தட்டியெழுப்பிப் பாருங்கள். முழுமையாக விழிக்காவிட்டால் உடனே தாதியை அழையுங்கள்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். நள்ளிரவில் தொலைபேசி வழியாகவேனும் கிடைக்கலாம். கேட்பது உரிமை, உபகாரமன்று. பாட்டியின் மூச்சைத் தன் நாவில் சுமந்த அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகம் எமக்கு இன்னும் நினைவிலிருக்கிறது.

அம்மா ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். ஒட்சிசனை 88 முதல் 92 வீதம் வரை மட்டுமே கொடுக்க வேண்டும் என்று எழுதிய அட்டையொன்றை இப்போது எப்போதும் கைப்பையில் வைத்திருக்கிறார். அண்மையில் அவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். மின்னடுப்பில் தேநீர் வைத்துத் தந்தார். நடுவில் நின்று இளைப்பாறினாலும் வசனங்களை முழுதாகப் பேசினார். எழும்பி வரும்போது கேட்டார்: "தம்பி, அண்டைக்கு நான் அடுப்படி எண்டு சொன்னதை அவையளுக்குச் சொன்னனீரே?"

"பிந்தித்தான் சொன்னனான், அம்மா" என்றோம்.